புதுத்தண்ணி வரும் முன்னே: ஆற்றங்கரை கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு

ஆற்றில் புதுத்தண்ணி வந்ததும் எந்த பிளான்டிலும் ஒரே பேச்சுதான்: "தண்ணி நெறையப் போகுது, இப்பவே திறந்து விட்டுடலாம், கரைஞ்சு போயிடும்." கோடை முழுக்கத் தொட்டி அடியில் தங்கிய ஸ்லட்ஜ் என்னும் கழிவுச் சேறு, கழுவிய தண்ணீர், மழையில் பொங்கி வரும் சாக்கடை எல்லாம் அந்த வாரத்தில்தான் ஆற்றுக்குப் போகிறது. சினைக்கெண்டை ஆற்றை எதிர்த்து ஏறுவதும் அதே வாரத்தில்தான். தண்ணீர் சிவந்து கலங்கி வருவதுதான் மீனுக்கு முட்டையிடும் சேதி. நாம் கழிவைத் திறக்க அதையே தோதான நேரம் என்று எண்ணிவிடுகிறோம்.

பவானிக் கரையில் ஒரு ஊரின் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்டாக வேலை பார்த்தவன் நான். என் தாய்மாமன் பரிசல் போட்டு மீன் பிடித்தவர். விதி ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம் என்று இரண்டையும் வீட்டிலும் வேலையிலும் கேட்டே வளர்ந்தேன். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற முடியும். அதற்கு வேலையை மார்ச்சிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

கழிவுநீரை வெளியே விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையை எடுத்துப் படியுங்கள். ஃபைலில் கட்டி வைத்திருப்பதைச் சொல்லவில்லை, உட்கார்ந்து படிக்கச் சொல்கிறேன். அதில் இருப்பது குழாய் வாயில் என்ன அளவு இருக்க வேண்டும் என்கிற விதி. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கக் கிருமிகள் இழுக்கும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், அம்மோனியா நைட்ரஜன் (மொத்த அம்மோனியா) 50, தனி அம்மோனியா (அதில் மீனுக்கு விஷமான பங்கு) 5, மீந்த குளோரின் 1.0 வரை இருக்கலாம். பி.எச். (அமில, கார அளவு) 5.5 முதல் 9 வரை. நகரக் கழிவுநீர் நிலையங்களுக்கு 2017இல் தனி அறிவிக்கை வந்தது. அதில் பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி எண்ணிக்கை எல்லாம் உண்டு. அம்மோனியா இல்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் இன்னும் கறாரான அளவுகளைக் கேட்டது. உங்கள் ஆணையில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களைக் கட்டும்.

இனி ஆற்றுக்கான அளவு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. மீனும் காட்டுயிரும் பெருகுவதற்கான வகையில் கரைந்த ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.எச். 6.5 முதல் 8.5 வரை, தனி அம்மோனியா 1.2க்கு மேல் கூடாது. குழாயில் 5, ஆற்றில் 1.2. நடுவில் இருக்கும் வித்தியாசத்தை ஆற்றுத் தண்ணீர் கரைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் விதி நிற்கிறது. அந்த நம்பிக்கை உங்கள் ஊரில், உங்கள் அவுட்லெட்டில், ஆனி மாதத்தில் பலிக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. ரிப்போர்ட்டில் "அளவுக்குள்" என்று எழுதி முடித்துவிட்டால் அந்த வேலை நடக்காது.

கணக்கு போடுங்கள்

ஆற்றில் ஒரு கனஅடி ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 24.5 லட்சம் லிட்டர். உங்கள் பிளான்ட் நாளுக்கு 50 லட்சம் லிட்டர் விடுகிறது, ஆற்றில் 20 கனஅடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்று நீர் ஏறக்குறைய பத்து மடங்கு. அவுட்லெட்டில் மொத்த அம்மோனியா 25 இருந்தால் கலந்த பிறகு 2.3 ஆகும். இதில் மீனைக் கொல்வது தனி அம்மோனியா. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 8 என்றால் மொத்தத்தில் ஏழரை சதவீதம் தனி அம்மோனியாவாக நிற்கும், அதாவது 0.17. அதே ஆற்றில் பாசி படர்ந்து பிற்பகலில் பி.எச். 8.8 ஆனால் 34 சதவீதம், அதாவது 0.78. நாம் விட்டது அதே தண்ணீர்தான், மாறியது வெயில் மட்டும். இந்த 0.78 ஆற்று விதியின் 1.2க்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் குஞ்சு வளர்க்கும் பண்ணைக்காரர்கள் 0.05 தாண்டினாலே கவலைப்படுவார்கள்.

இன்னொன்று. கழிவுநீர் அவுட்லெட்டில் விழுந்த உடனே ஆறு முழுக்கக் கலந்துவிடாது. கரையை ஒட்டியே வெகுதூரம் கோடு மாதிரி ஓடும். விரால் கூடு கட்டுவது கரையோரப் பாசியில். கெண்டைக் குஞ்சு ஒதுங்குவதும் ஓரத் தண்ணீரில்தான். பத்து மடங்கு என்ற கணக்கு நடு ஆற்றுக்குச் சரி, ஓரத்துக்குப் பொருந்தாது. அதனால் சாம்பிளை அவுட்லெட்டுக்குக் கீழே அதே கரையோரமாக எடுங்கள். பாலத்தின் மேல் நின்று நடு ஆற்றில் வாளி விட்டு எடுப்பதால் பயனில்லை.

மீனின் நாட்காட்டி

இதற்கு எந்தப் புத்தகத்தையும் விட, ஆற்றில் வலை போடுகிறவர்தான் சரியான ஆள். டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த மீன் எப்போது ஏறுகிறது, எங்கே நின்று போகிறது, எந்தத் திட்டில் முட்டை பார்த்திருக்கிறார்? பவானி, காவிரி பக்கம் மேற்கே தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் ஆனி, ஆடியில் ஓட்டம் தொடங்கும். தாமிரபரணியில் ஐப்பசி, கார்த்திகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புதுத்தண்ணி மழையால் மட்டும் வராது, மதகு திறந்தும் வரும். மேட்டூருக்கு வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. நீர்வளத் துறையின் திறப்பு அறிவிப்பு வந்த அன்றே பிளான்டில் ஒட்டி வையுங்கள்.

பிறகு இடம். கூழாங்கல் படுகை, ஓடை வந்து சேரும் வாய், பாசித் திட்டு, தடுப்பணையின் அடி. கொடிவேரி போன்ற அணைக்கட்டின் கீழே, மேலே ஏற முடியாத மீன் கூட்டமாக நிற்கும். உங்கள் அவுட்லெட் அப்படி ஓரிடத்துக்குச் சற்று மேலே இருந்தால், இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றையும் இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். பவானிசாகரில் வந்து சேரும் மோயாற்றில், உலகிலேயே காவிரி ஆற்றமைப்பில் மட்டும் வாழும் திமில் மகசீர் இன்னும் இருக்கிறது. 2018இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று சர்வதேசச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த ஆற்றமைப்பின் கரையில்தான் நாம் பிளான்ட் ஓட்டுகிறோம்.

கெண்டை இனங்களில் பலவற்றின் முட்டை நம் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். அடுத்த மூன்று நாள் குஞ்சு வயிற்றிலிருக்கும் கருவுணவை வைத்தே வாழும். அந்த நான்கைந்து நாளில் அதனால் நீந்தித் தப்ப முடியாது. நீங்கள் காக்க வேண்டியது அந்த நாட்களைத்தான். "ஜிலேபி துள்ளுது, விரால் கிடைக்குது, ஆறு நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஜிலேபி மீன் (திலாப்பியா) எதையும் தாங்கும். விரால் மேலே வந்து காற்றை விழுங்கும். முட்டையால் அது முடியாது.

பிளான்டில் செய்ய வேண்டியது

முழுக் கழிவுநீரையும் வாரக்கணக்கில் பிடித்து வைக்க எந்த ஊரிலும் தொட்டி கிடையாது. பிடித்து வைக்கக் கூடியது ஸ்லட்ஜும் முதல் மழை வெள்ளமும். மற்றதைத் தரமாக்கித்தான் விட வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் காற்றை ஊதும் புளோயரின் சர்வீஸ், அந்தக் காற்றைத் தண்ணீரில் குமிழாக விடும் டிஃப்யூசரை மாற்றுவது, சேற்றைப் படிய வைக்கும் கிளாரிஃபையரின் பழுது எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஜூனில் காற்றூட்டும் தொட்டியான ஏரேஷன் டேங்கை நிறுத்தும்படி எந்த வேலையும் வைக்காதீர்கள். மே மாதத்தில் ஸ்லட்ஜை எடுத்து, உலர்த்தும் படுகைகளைக் காலி செய்யுங்கள். மழையில் அது வழிந்து ஓடினால் கோடை முழுக்கப் பிரித்தெடுத்ததெல்லாம் ஒரே இரவில் ஆற்றுக்குப் போய்விடும். வரும் கழிவுநீரை முதலில் வாங்கி வைக்கும் சமன்படுத்தும் தொட்டியில் எப்போதும் பாதியாவது காலியாக வையுங்கள். முதல் மழையின் முதல் சில மணி நேரத் தண்ணீர்தான் மிக மோசமானது, அதை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

அம்மோனியாவைக் குறைப்பது நம் ஊரில் கடினமே இல்லை. 28, 30 டிகிரி தண்ணீரில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா வேகமாக வளரும். அதற்குத் தேவை கொஞ்சம் வயதான ஸ்லட்ஜ் (தொட்டியில் பல நாள் தங்கியது), தொட்டியில் 2 மில்லிகிராமாவது ஆக்சிஜன், போதிய காரத்தன்மை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகும். பி.எச். இறங்கினால் சுண்ணாம்பு சேருங்கள். இதைக் கெடுப்பது ஒரே பழக்கம்: கரண்ட் பில்லைக் குறைக்க இரவில் புளோயரை நிறுத்துவது. ஷிஃப்ட் ஆளைக் குற்றம் சொல்ல வேண்டாம், மேலிருந்து வரும் நெருக்கடி அது. ஆனி முதல் புரட்டாசி வரை புளோயர் நிற்காது என்று அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

குளோரினைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மலக்கிருமி அளவைக் காட்டுவதற்காக பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுகிறோம். குளிக்கிற மனிதனுக்கு அது பாதுகாப்பு. மீனுக்கு விஷம். நம் பொது விதியில் 1.0 மில்லிகிராம் வரை விடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நன்னீர் உயிர்களுக்கு வைத்திருக்கும் அளவோ, சிறிது நேரப் பாதிப்புக்கு 0.019, நீண்ட நாளுக்கு 0.011. நம் அளவு அதைவிட ஐம்பது மடங்குக்கும் மேல். அம்மோனியா மிச்சமிருக்கும் தண்ணீரில் குளோரின் சேர்ந்தால் குளோரமைனாகி இன்னும் நெடுநேரம் நிற்கும். அதனால் முதலில் திடப்பொருளைக் குறையுங்கள், குளோரின் தானாகவே குறைவாகத் தேவைப்படும். குளோரின் கலந்து நிற்கும் கான்டாக்ட் டேங்க் தாண்டியதும், குளோரினை முறிக்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலைச் சொட்டு விடுங்கள். ஒரு பங்கு குளோரினுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு போதும். அதிகம் போட்டால் அது ஆக்சிஜனைத் தின்றுவிடும். இடம் இருந்தால் ஒரு குட்டையில் ஒரு நாள் வெயிலில் நிறுத்தி வைப்பது எல்லாவற்றையும்விட மலிவு. புற ஊதா விளக்கு வாங்க முடிந்த ஊர் வாங்கட்டும்.

அவுட்லெட்டில் படிப்படியாக விழும் கல் படிகள் கட்டினால் காற்று கலந்து ஆக்சிஜன் ஏறும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். திறக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற பிளான்டில் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை தோதானது. விடியலில் ஆற்றின் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும், பிற்பகலில் பி.எச். உச்சத்தில் இருக்கும்.

கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் நேரே ஆற்றுக்கு விடும் பைபாஸ் வால்வுக்குப் பூட்டு போடுங்கள். சாவி யாரிடம், எப்போது திறந்தது, எவ்வளவு நேரம், எதற்காக என்று ஒரு நோட்டு. பூட்டைவிட இந்த நோட்டுதான் முக்கியம்.

ஆற்றுக்கு விடாமலே சமாளிப்பது

கீழ்பவானி வாய்க்கால் வழக்கமாகத் திறப்பது ஆகஸ்ட் 15. ஜூன், ஜூலையில் விவசாயி தண்ணீருக்கு ஏங்குகிறார், அதே மாதங்களில்தான் ஆற்றுக்குக் கழிவுநீர் போகக் கூடாது. சுத்திகரித்த நீரைத் தென்னை, தீவனப்புல், மரப்பயிருக்குக் கொடுப்பதற்கு இசைவாணையில் திருத்தம் கேளுங்கள். பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு வேண்டாம். உப்பு அதிகமுள்ள தொழிற்சாலைக் கழிவானால் நிலத்துக்கும் வேண்டாம். நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவின் உப்பு தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. பாக்டீரியா உப்பைத் தின்னாது. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் அங்கே கழிவை வெளியே விடாத முறை முழுதாக வந்தது.

மீனிடமே சோதனை

பொது விதியிலேயே ஒரு வரி இருக்கிறது: கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரம் விட்டால் 90 சதவீத மீன் உயிரோடு இருக்க வேண்டும். இதை வருடத்துக்கு ஒருமுறை லேபுக்கு அனுப்பினால் போதாது. அவுட்லெட் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வையுங்கள், வெளியேறும் நீர் அதன் வழியே ஓடட்டும். பவானிசாகர் அணையடியில் மீன்பண்ணைகள் இருக்கின்றன. கெண்டைக் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று மீன்வளத் துறையில் கேட்டு வாங்கி விடுங்கள், ஜிலேபி வேண்டாம். அவை மேலே வந்து வாய் பிளந்தால் மீட்டரைப் பார்க்கும் முன்பே வால்வைக் குறையுங்கள்.

ஆற்றில் மீன் செத்து மிதந்தால் பயந்து ஒளிக்காதீர்கள். விடிகாலையில், பெரிய மீன்களே முதலில், வாய் திறந்தபடி என்றால் பெரும்பாலும் ஆக்சிஜன் பஞ்சம். எந்த நேரத்திலும் சிறிது பெரிது எல்லாம் சேர்ந்து செத்தால் விஷத்தைச் சந்தேகியுங்கள். ஆக்சிஜனையும் குளோரினையும் அங்கேயே அளவெடுங்கள், லேபுக்குப் போகும் வழியில் இரண்டும் மாறிவிடும். அவுட்லெட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சுத்தமான பாட்டிலில் எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து, நேரம் எழுதி, வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்குச் சொல்லுங்கள்.

எழுத்தில் வாங்குவது

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இன் 25ஆம் பிரிவின் கீழ் வாரியம் இசைவாணையில் நிபந்தனை விதிக்கலாம். இனப்பெருக்க மாதங்களுக்குத் தனி நிபந்தனை கேட்டு நீங்களே மனு போடலாம்: அந்த மாதங்களில் அம்மோனியா இவ்வளவு, குளோரின் நீக்கம் கட்டாயம், ஸ்லட்ஜ் திறப்பு கூடாது, கீழ்க்கரைச் சாம்பிள் வாரம் ஒருமுறை. பேரூராட்சி மன்றத் தீர்மானத்தை இணைத்தால் புளோயர் மின்செலவுக்கும் வழி பிறக்கும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவரின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய போன் நம்பர் கன்ட்ரோல் ரூம் சுவரில், புளோயர் மெக்கானிக் நம்பருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பைபாஸ் திறந்தே ஆக வேண்டிய இரவில் முதல் போன் அவருக்குப் போக வேண்டும், வலையும் கூண்டும் கீழே கிடக்கும்.