ஊசிக்கேற்ற ட்ரான்ஸ்ஃபோமர்: மூவிங் கொயில் கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் முறை

இலங்கை மலையகத்தின் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்தில் இசைத்தட்டு கேட்கும் நண்பர்கள், வெளிநாட்டு உறவினர் வழியாக ஒரு மூவிங் கொயில் கார்ட்ரிட்ஜை வரவழைத்துக்கொண்டதும் என்னிடம் கேட்பது, அதற்கு எத்தனை மடங்கு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்குவது என்பதையே. கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பாகம். மூவிங் கொயில் வகையில் ஊசியோடு அசைவது கம்பிச் சுருள், மூவிங் மேக்னட் வகையில் காந்தம். முன்னது தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது; அதைப் பெருக்கவே ட்ரான்ஸ்ஃபோமர். விடை சொல்ல, கார்ட்ரிட்ஜுடன் வந்த தாளில் உள்ள இரண்டு எண்கள் எனக்குத் தேவை: அது எத்தனை மில்லிவோல்ட் தருகிறது, அதன் சுருளின் உட்தடை எத்தனை ஓம். முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

மூவிங் மேக்னட் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிவோல்ட் வரை தரும். கார்ட்ரிட்ஜ் தருவதை அம்ப்ளிபயருக்கு ஏற்றபடி பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜின் 47 கிலோஓம் நுழைவாயில் அதற்கென்றே அமைந்தது. வயரும் ஃபோனோ ஸ்டேஜும் சேர்ந்து தரும் கொள்ளளவம் (கபாசிட்டன்ஸ்) மட்டும் கார்ட்ரிட்ஜ் கேட்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். ஓர்ட்டஃபோன் 2எம் ரெட் கேட்பது 150 முதல் 300 பைக்கோபரட் வரை.

மூவிங் கொயிலில்தான் கணக்குத் தொடங்குகிறது. 1960களில் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.க்காக உருவான டெனான் டி.எல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட், அதன் உட்தடை 40 ஓம். ஓர்ட்டஃபோன் எஸ்.பி.யு வகையில் உட்தடை ஏறக்குறைய 2 ஓம், மின்னழுத்தம் 0.2 மில்லிவோல்ட் அளவு. இரண்டும் மூவிங் கொயில் என்றே அழைக்கப்பட்டாலும், ஒன்றுக்குப் பொருந்தும் ட்ரான்ஸ்ஃபோமர் மற்றதற்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

காரணம் இதுதான். ட்ரான்ஸ்ஃபோமர் மின்னழுத்தத்தை அதன் இரு சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதத்தின்படி பெருக்குகிறது. ஆனால் ஃபோனோ ஸ்டேஜின் 47 கிலோஓமை அந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தே கார்ட்ரிட்ஜுக்குக் காட்டுகிறது. ஆகவே 1:10 என்றால் கார்ட்ரிட்ஜ் காணும் சுமை, அதாவது அதன் முன் நிற்கும் தடை, 470 ஓம், 1:20 என்றால் ஏறக்குறைய 118 ஓம், 1:30 என்றால் வெறும் 52 ஓம். சுமை குறையக் குறைய, கார்ட்ரிட்ஜின் மின்னழுத்தத்தில் ஒரு பங்கு அதன் சுருளிலேயே நின்றுவிடும்.

டி.எல்-103ஐ வைத்துப் பார்ப்போம். 1:10இல் 3 மில்லிவோல்ட் வர வேண்டும். 470ஐ 510ஆல் வகுத்துப் பெருக்கினால் கையில் கிடைப்பது சுமார் 2.8. 1:30இல் 9 வர வேண்டிய இடத்தில் கிடைப்பது சுமார் 5.1 மட்டுமே, அதோடு டெனான் கேட்கும் குறைந்தபட்சச் சுமையான 100 ஓமில் பாதிதான் அங்கே இருக்கிறது. ஒலி கூடுவது உண்மைதான், ஆனால் மேல் சுரங்கள் மங்கி, மேளச் சத்தத்தின் கூர்மை போய்விடும். இதற்கு நான் பரிந்துரைப்பது 1:10. ஃபோனோ ஸ்டேஜின் பெருக்கம் போதாமல் ஒலி மெலிந்தால் 1:20 வரை போகலாம். எஸ்.பி.யுவின் கதை வேறு: உட்தடை 2 ஓமே என்பதால் 1:20இல் 3.9 மில்லிவோல்ட் கிடைக்கும், 1:30 வைத்தாலும் இழப்பு மிகக் குறைவு.

சில ட்ரான்ஸ்ஃபோமர்களின் முகப்பில் 3 ஓம், 40 ஓம் என்று எழுதியிருக்கும். அது எந்த உட்தடையுள்ள கார்ட்ரிட்ஜுக்கு உரியது என்பதைச் சொல்கிறதேயன்றி, சுமையையோ விகிதத்தையோ சொல்வதில்லை; விகிதத்தைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

ட்ரான்ஸ்ஃபோமரின் வெளியீட்டை ஃபோனோ ஸ்டேஜின் மூவிங் மேக்னட் நுழைவாயிலில்தான் கொடுக்க வேண்டும். முதல் நாள் நான் அதை மூவிங் கொயில் நுழைவாயிலில் செருகிவிட்டு, பாட்டு ஏன் பக்கத்து லயத்து வீட்டில் ஒலிப்பதுபோல் மெலிந்து கேட்கிறது என்று மாலை முழுவதும் தேடினேன். அந்த நுழைவாயிலின் தடை 100 ஓம். 1:10இன் வழியே கார்ட்ரிட்ஜ் கண்டது ஒரே ஒரு ஓம்.

1:10இல் 470 ஓம் அதிகம் என்று தோன்றி, ஒலி சற்றுக் காது கூசும்படி கேட்டால், ட்ரான்ஸ்ஃபோமரின் வெளியீட்டுப் பக்கத்தில் ஒவ்வொரு சானலுக்கும் 33 கிலோஓம் தடை ஒன்றைச் சமாந்தரமாக இணைக்கலாம். 47உடன் சேர்ந்து அது ஏறக்குறைய 19.4 கிலோஓம் ஆகும். கார்ட்ரிட்ஜ் காண்பது 194 ஓம். கையில் பற்றவைக்கும் கருவி உள்ளவருக்கு இது பத்து நிமிட வேலை.

ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து ஃபோனோ ஸ்டேஜுக்குப் போகும் வயர் இயன்றவரை குட்டையாக இருக்க வேண்டும், ஏனெனில் அதன் கொள்ளளவமும் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகிக் கார்ட்ரிட்ஜைச் சேரும்.

இரைச்சல்தான் நம் ஊரில் பெரிய தொல்லை. ட்ரான்ஸ்ஃபோமரை அம்ப்ளிபயரின் மேல் வைத்தால், அம்ப்ளிபயருக்குள் இருக்கும் மின்மாற்றியிலிருந்து 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் நேரே ஏறும். ஊசியைத் தூக்கி வைத்து, ஒலியளவை வழக்கத்துக்குச் சற்று மேல் ஏற்றி, பெட்டியைக் கையில் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் ரீங்காரம் சட்டென்று அடங்கும், அந்தக் கோணத்திலேயே வைத்துவிடுங்கள். அதன்பின்னும் அடங்காவிட்டால், இசைத்தட்டுச் சுழலியின் ஏர்த் வயர் ட்ரான்ஸ்ஃபோமரின் ஏர்த் முனையிலும், அங்கிருந்து ஃபோனோ ஸ்டேஜிலும் இணைந்துள்ளதா என்று பாருங்கள். பழைய தோட்டத்து வீடுகளில் சுவர்ச் செருகியின் ஏர்த் பெயருக்கு மட்டும் இருப்பதுண்டு. அதை மின்தொழிலாளியைக் கொண்டு சோதிப்பது நல்லது.

மூடுபனிக் காலத்தில் கார்ட்ரிட்ஜின் நான்கு பின்களிலும் செருகிகளிலும் மங்கல் படியும். 0.3 மில்லிவோல்ட் போகும் பாதையில் அந்த மங்கலே ஒரு பக்கத்தை ஊமையாக்கப் போதும். மாதம் ஒருமுறை செருகிகளைக் கழற்றி மாட்டுவதும், பயன்படுத்தாத கார்ட்ரிட்ஜை சிலிக்கா ஜெல் போட்ட பிஸ்கட் டின்னில் வைப்பதும் என் வழக்கம்.

ஒரு பக்கம் ஊமையாகிவிட்டால், உடனே மல்ட்டிமீட்டரை எடுத்து ட்ரான்ஸ்ஃபோமரின் சுருளை ஓமில் அளக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், மீட்டர் விடும் நேர்மின்னோட்டம் உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடக்கூடும். கார்ட்ரிட்ஜின் மெல்லிய சுருளுக்கும் அது ஆகாது. இடது வலது வயர்களை முதலில் சுழலிப் பக்கத்திலும், பிறகு ட்ரான்ஸ்ஃபோமரின் வெளியீட்டிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். எந்த இடத்தில் மாற்றும்போது ஊமைப் பக்கம் இடம் மாறவில்லையோ, பழுது அந்த இடத்துக்கு அப்பால், ஸ்பீக்கர் இருக்கும் திசையில் உள்ளது.