பாசுரம் சொல்லும் வரிசையில் ஒரு காலை நடை: திருச்செந்தூர் பாசஞ்சரில் ஸ்ரீவைகுண்டம்

திருநெல்வேலிப் பக்கத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள் வெளிநாட்டிலிருந்து வரும்போது, பெரும்பாலும் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு நவதிருப்பதிகள் எனப்படும் பெருமாள் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிட்டுத் திரும்புகின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை; வயதானவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது கோயில்களையும் ஊர்களையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிற தாமிரபரணியும், அதன் கால்வாய்களும், வயல்களும் காரின் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடுகின்றன. நடக்கத் தெம்புள்ளவர்கள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, ஒன்பதில் திருப்புளிங்குடி, வரகுணமங்கை, ஸ்ரீவைகுண்டம் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ரயிலில் போய் நடந்து பார்க்க வேண்டும் என்பதே என் பரிந்துரை.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரை செல்லும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1923இல் திறக்கப்பட்டது. நெடுங்காலம் மீட்டர்கேஜாக இருந்த இந்தப் பாதை இப்போது அகலப்பாதையாகி மின்மயமாகியும் விட்டது. ஆனாலும் இன்றுவரை ஒற்றைத் தடம்தான். ஆகவே எதிரே வரும் வண்டிக்காகச் சின்ன நிலையம் ஒன்றில் பத்து நிமிடம் நிற்பதை யாரும் தாமதமாகக் கருதுவதில்லை, நீங்களும் கருத வேண்டாம். பாசஞ்சர் வண்டிகளில் முன்பதிவு கிடையாது; நிலையத்தின் சாளரத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். கட்டணம் மிகக் குறைவு என்பதால் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாட வேண்டியிருக்கும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களை முதல் நாளே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நேரங்கள் அவ்வப்போது மாறுவதால், புறப்படுவதற்கு முந்தைய மாலை சந்திப்பு நிலையத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. அப்போதே திரும்பும் வண்டிகளின் நேரத்தையும் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே வண்டியில்தான் திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்கச் செல்லும் கூட்டமும் போகிறது. தைப்பூசம், வைகாசி விசாகம், கந்த சஷ்டி ஆகிய நாட்களில் வாசற்படியில்கூட இடம் இருக்காது. விடுமுறை நாட்களின் காலை வண்டிகளும் நெரிசலாகவே இருக்கும். வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, காலையில் கிடைக்கும் முதல் வண்டியைப் பிடித்து, போகும் திசையில் இடப்புறச் சன்னலில் அமர்ந்துகொள்ளுங்கள். ரயில் ஊரை விட்டு நீங்கும் முன்பே ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் ஆறு உங்களுக்கு இடப்புறமாகவே, சில இடங்களில் தொலைவாகவும் சில இடங்களில் தென்னை வரிசைக்குப் பின்னால் மிக அருகாகவும், கூடவே வருகிறது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம் ஆகியவற்றைத் தாண்டினால் ஸ்ரீவைகுண்டம். வழியில் நிறுத்தாமல் விட்டால் முக்கால் மணி நேரப் பயணம்.

ஸ்ரீவைகுண்டம் நிலையம் ஊருக்குள் இல்லை என்பதை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். நிலையம் இருப்பது தென்கரையில், புதுக்குடியில். ஊரும் கோயில்களும் வடகரையில் உள்ளன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துச் சென்றதால், திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற விரைவு வண்டி நூற்றுக்கணக்கான பயணிகளுடன் மாட்டிக்கொண்டது இந்த நிலையத்தில்தான். அருகிலிருந்த ஊர்மக்கள் தாமே வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்த நிலையிலும் சமைத்துக் கொண்டுவந்து அவர்களுக்கு உணவளித்தார்கள். அதே மழையில் இந்தப் பாதையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஐப்பசி முதல் மார்கழி வரை வருவோர் வானிலை அறிவிப்பை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நிலையத்தில் இறங்கியதும் ஊரை நோக்கி நடக்கத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன்: பெரிய கோயிலை நிதானமாகப் பார்த்துவிட்டு, முகத்தில் அடிக்கிற வெயிலோடு கிழக்கே நடந்து, கடைசிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. சரியான வழியை நம்மாழ்வார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவைத்திருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ‘புளிங்குடிக் கிடந்து, வரகுணமங்கை இருந்து, வைகுந்தத்துள் நின்று’ என்பது திருவாய்மொழி. திருப்புளிங்குடியில் பெருமாள் சயனக் கோலத்திலும், வரகுணமங்கையில் அமர்ந்த கோலத்திலும், ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற கோலத்திலும் இருப்பதை ஒரே அடியில் அடுக்கிச் சொல்லும் அந்த வரிசையிலேயே நடந்தால் எல்லாம் பொருந்திவருகிறது. நிலைய வாசலில் ஓர் ஆட்டோவைப் பிடித்து முதலில் திருப்புளிங்குடிக்குப் போய்விடுங்கள்; ஏறும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள், ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுப் பேசினால் பேச்சு சுமுகமாக முடியும். அங்கிருந்து மேற்கு நோக்கித் திரும்பி நடக்கும்போது காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். முதலில் மூடக்கூடிய சிறிய கோயில்களை முதலில் பார்த்துவிடுவீர்கள். களைத்துப் பசிக்கும் நேரத்தில் உணவுக்கடைகள் உள்ள ஊரில் இருப்பீர்கள்.

திருப்புளிங்குடிப் பெருமாளுக்குக் காய்சினவேந்தன் என்று பெயர். பள்ளிகொண்ட திருமேனி மிகப் பெரியது; சன்னிதிக்குள் நின்று பார்த்தால் திருவடிகள் கண்ணில் படுவதில்லை. வெளியே சுற்றி வரும்போது பக்கவாட்டுச் சுவரில் ஒரு சன்னல் இருக்கிறது, அதன் வழியாகத்தான் பாத தரிசனம். இதை அறியாமல் திரும்பிவிடுபவர்கள் உண்டு. அங்கிருந்து வரகுணமங்கை ஒரு கிலோமீட்டர். ஆனால் வழியில் யாரிடமும் ‘வரகுணமங்கை எங்கே’ என்று கேட்டால் விழிப்பார்கள். நத்தம் என்று கேளுங்கள். அங்கே எழுந்தருளியிருப்பவர் விசயாசனப் பெருமாள். நத்தத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். ஆக, மொத்த நடை மூன்று கிலோமீட்டர். ரயில் நிலையம் வரை நடந்தே திரும்பினால் ஐந்து. மலையேறுபவர்கள் சிரிக்கலாம், ஆனால் தை மாதத்தில்கூடப் பதினொரு மணி வெயிலில் இந்த ஐந்து போதுமானதாக இருக்கும்.

இந்த மூன்று கிலோமீட்டரில் பார்க்க வேண்டியது வயல்கள்தாம். தாமிரபரணிக்குக் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. ஆங்கிலேயர் காலத்தில் 1869இல் தொடங்கி 1873இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடல் பக்கம் போகின்றன. பொதிகையில் பிறக்கும் இந்த ஆற்றுக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டாலும் நீர் வருகிறது. அதனால்தான் ‘கார்’, ‘பிசானம்’ என்று இரண்டு நெற்போகம் என்னும் பேச்சே இங்கு எழுந்தது. கடைமடையாகிய இப்பகுதியில் கார் சாகுபடி அணையிலிருந்து தண்ணீர் வருவதைப் பொறுத்தது. பிசானம்தான் நிச்சயமான பயிர். மார்கழிக் கடைசியிலும் தையிலும் வந்தால் அந்தப் பயிர் பச்சைப்பசேலென நிற்கும். வாழைத் தோட்டங்களுக்கு மாதக் கணக்கு இல்லை, எப்போதும் உண்டு.

சாலை ஓரத்தில் நடைபாதை கிடையாது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறமாக நடப்பது பாதுகாப்பு. வரப்பில் இறங்குவதாக இருந்தால் அங்கே வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். ‘எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். ஊர் பேரும் தாத்தா பேரும் சொல்லத் தயாராக இருங்கள். எனக்குத் தெரிந்து, வெளிநாட்டில் என்ன வேலை என்பதைவிட அந்தப் பதிலுக்கே இங்கு மதிப்பு அதிகம்.

ஸ்ரீவைகுண்டத்தில் பெரிய கோயில் கள்ளபிரான் கோயில் என்றே வழங்குகிறது. பெருமாள் கள்வனுக்கு அருளிய கதையால் வந்த பெயர் அது. நடை நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் பதினொன்றரைக்குள் உள்ளே இருங்கள். நேரம் மிச்சமிருந்தால் நவகைலாயங்கள் என்னும் ஒன்பது சிவன் கோயில்களில் ஒன்றான கைலாசநாதர் கோயிலும் இதே ஊரில் உண்டு. புலவர் குமரகுருபரர் பிறந்த ஊரும் இதுதான். மதியச் சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஈழத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: நெல்லைச் சீமையிலும் சொதி உண்டு, ஆனால் அது இடியப்பத்துக்கு ஊற்றும் உங்கள் சொதி அன்று; தேங்காய்ப்பாலும் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்ந்த கெட்டியான குழம்பு, பெரும்பாலும் கல்யாண மறுவீட்டுப் பந்திக்கு உரியது. கடையில் எதிர்பார்க்க வேண்டாம், வீட்டில் அழைத்தால் விட வேண்டாம்.

திரும்பும்போது அணைக்கட்டை ஒட்டிய பாலத்தை நடந்தே கடந்து நிலையத்துக்கு வாருங்கள். பாலத்தின் மேல் நின்று பார்ப்பதோடு சரி. அணையின் சரிவில் பாசி வழுக்கும், கீழே ஆற்றில் மணல் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையைத் தவிர வேறெங்கும் குழந்தைகளை இறக்காதீர்கள்.

பிற்பகலில் இன்னும் தெம்பு இருந்தால் இரண்டு வழிகள் உள்ளன. கிழக்கே அடுத்த நிலையம் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வாரின் ஊர். இரவிலும் இலை மூடாத உறங்காப்புளி என்னும் புளியமரம் நிற்கும் கோயில் மாலையில் திறக்கும் வரை ஊர்த் தெருக்களில் உலாவலாம். வைகாசித் திருவிழாவில் ஒன்பது பெருமாள்களும் கருட வாகனத்தில் இங்கே வந்து சேர்கிறார்கள். அன்று நடைபயணம் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். மேற்கே நாலைந்து கிலோமீட்டரில் ஆதிச்சநல்லூர், பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த இடம். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் தோண்டி எடுத்தவை ஜெர்மனிக்குப் போயின. பின்னர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 2023 முதல், தோண்டிய குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். இந்த இரண்டுக்கும் திருச்செந்தூர் நெடுஞ்சாலை வழியே நடந்து போக வேண்டாம். பேருந்துகள் பறக்கும் சாலை அது. ஆழ்வார்திருநகரிக்கு ரயில் அல்லது பேருந்து, ஆதிச்சநல்லூருக்குப் பேருந்து அல்லது ஆட்டோ. இரண்டில் ஒன்றுதான் ஒரு நாளுக்குத் தாங்கும், நான் ஆதிச்சநல்லூரைத் தேர்ந்தெடுப்பேன்.

மாலை வண்டிகளுக்கு இடையில் நீண்ட இடைவெளி விழலாம். ஆகவே முந்தைய மாலை குறித்துவைத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி போய்விட்டிருந்தால் புதுக்குடி நிறுத்தத்தில் திருநெல்வேலிப் பேருந்து வரும். ரயில் கிடைத்துவிட்டால் இந்த முறை வலப்புறச் சன்னல்.