பாலூட்டும் தாய்க்குப் படர்தாமரை: களிம்பு தடவுவதற்கு முன்னும் பின்னும்

கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருந்துக்கடைக்கு வரும் பெண்கள் இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்: "அக்கா, இடுப்புல வண்டுகடி மாதிரி இருக்கு. பால் குடுக்கிறேன், என்ன போடலாம்?" மருந்தாளுநராக நான் கவனித்த வரையில், இவர்களில் சிலர் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து மாதக்கணக்கில் அரிப்பைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், வேறு சிலர், வீட்டில் யாரோ பாதி பயன்படுத்தி வைத்த டியூபை ஏற்கெனவே பூசத் தொடங்கியிருப்பார்கள். தோலில் பூஞ்சையால் வரும் இந்தப் படர்தாமரைக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. கவனம் தேவைப்படுவது எந்த டியூப், எங்கே, எப்போது என்பவற்றில்தான்.

படி 1: படர்தாமரைதானா என்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியின் முன் நின்று பாருங்கள். படர்தாமரை வட்டமாகவோ வளைந்த கோடாகவோ வெளிப்புறம் நோக்கிப் பரவும்; அதன் ஓரம் சற்றுத் தடித்துச் செதில் செதிலாக இருக்கும், நடுப்பகுதி ஓரளவு தெளிந்திருக்கும். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, தொடை இடுக்கு, பிரசவத்திற்குப் பிறகு துணி சுற்றிக் கட்டும் அடிவயிறு ஆகியவை வியர்வை தங்கும் இடங்கள் என்பதால் அங்கேதான் அதிகம் வருகிறது. மார்பகத்தின் கீழ் மடிப்பில் ஈரமாகவும் பளபளப்பாகவும் சிவந்து, சுற்றிலும் சிறுசிறு கொப்புளங்கள் தெரிந்தால் அது கேண்டிடா என்னும் வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஞ்சையும் அல்ல. கரப்பானும் சில நேரம் அப்படியே தோன்றும். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவர் ஓரத்திலிருந்து சிறிது செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். வலி இல்லாத, எளிய சோதனை அது.

படி 2: டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பயன் இல்லை. டியூபில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. கூடவே பூஞ்சைக்கொல்லியின் பெயர் இருந்தாலும் அதை எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்டீராய்டு இரண்டே நாளில் சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடுவதால் குணமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் அந்த இடத்தில் உடலின் எதிர்ப்பு அடங்கிப்போய், பூஞ்சை எதிரியில்லாமல் பரவுகிறது. பிறகு வட்ட வடிவமே கலைந்து, மருத்துவருக்கும் அடையாளம் தெரியாத அளவுக்கு நோய் உருமாறிவிடுகிறது. தொடை இடுக்கு போன்ற மெல்லிய தோலில் வரிவரியாக விழும் தழும்புகள் முழுதாக மறைவதும் இல்லை. 2018-இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவள் என்ற முறையில் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வாரக்கணக்கில் அப்படிப்பட்ட களிம்பைப் பூசியிருந்தால், நிறுத்தியதும் அரிப்பு திடீரென்று கூடக்கூடும். அதற்குப் பயந்து மறுபடியும் அதையே பூசாமல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 3: எந்த மருந்து

குளோட்ரிமசோல் 1 சதவீதம் அல்லது மைக்கோனசோல் 2 சதவீதம், வேறெதுவும் கலக்காத கிரீம், பாலூட்டும் தாய்க்கு முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியவை. தோலின் வழியாக இரத்தத்திற்குள் செல்லும் அளவு மிகக் குறைவு என்பதால் பாலில் கலக்கும் அளவு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. டெர்பினாஃபைன், லுலிகோனசோல் கிரீம்களும் தோலில் பூசும்போது குறைவாகவே உட்செல்கின்றன. அவற்றை மருத்துவர் சொன்ன பிறகு, மார்பகத்திலிருந்து விலகிய இடங்களில் பயன்படுத்துவது நல்லது. மேலும், இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்னும் பூஞ்சையில் டெர்பினாஃபைனுக்கு அடங்காத வகைகள் நிறைய உள்ளன.

படி 4: தடவும் முறை

குளித்த பிறகு, அந்த இடத்திற்கென்று தனியாக வைத்த துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுவதும் போகும்வரை பொறுங்கள். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ஒரு நீளமாகக் கிரீமைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்திற்கு அது போதும். பூஞ்சை உயிரோடு முன்னேறுவது ஓரத்தில்தான் என்பதால், படர்தாமரையின் ஓரத்திற்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, நல்ல தோலில் தொடங்கி உள்நோக்கித் தடவுங்கள். குளோட்ரிமசோலையும் மைக்கோனசோலையும் காலையும் இரவுமாக ஒரு நாளைக்கு இருமுறை பூச வேண்டும். பூசியவுடன் நகக்கண் உட்படக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

இரவில் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுக்கும்போது குழந்தையின் பாதம் சரியாக உங்கள் இடுப்பு மடிப்பில்தான் வந்து உதைக்கும். அரைத்தூக்கத்தில் நைட்டி விலகியிருப்பதும் தெரியாது. அதனால் இரவில் பால் கொடுத்து முடித்த பிறகு பூசி, கிரீம் உலர்ந்ததும் பூசிய இடம் முழுவதும் மூடும்படி தளர்வான பருத்தித் துணி அணிந்து படுங்கள். படர்தாமரை மார்பகத்திலேயே இருந்தால், பால் கொடுத்த உடனே மெல்லிய பூச்சாகப் பூசி, அடுத்த முறை கொடுப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். மார்பில் பூசுவதற்கு வழவழப்பான ஆயின்ட்மென்ட் வேண்டாம். அதிலுள்ள பாரஃபின் குழந்தையின் வாய்க்குள் போகும். கிரீமாகவே கேட்டு வாங்குங்கள்.

பத்து நாளில் அரிப்பு நின்றுவிடும், பெரும்பாலோர் அன்றோடு டியூபை மூடிவிடுவார்கள். செதிலும் தடிப்பும் முற்றிலும் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். எஞ்சும் கறுத்த தடம் மட்டும் மங்குவதற்கு மாதங்கள் ஆகும். அதற்கு மருந்து தேவையில்லை.

படி 5: துணியும் வீட்டாரும்

பாவாடை நாடா, இடுப்புக் கயிறு, வயிற்றில் கட்டும் துணி, துண்டு ஆகியவற்றைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள், தையல் ஓரங்களை அழுத்தி இஸ்திரி போடுங்கள். குழந்தையின் துணிகளை இவற்றோடு ஊறவைக்காதீர்கள். கணவருக்கோ மாமியாருக்கோ அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் அதே நாட்களில் மருத்துவம் நடக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே நோய் சுற்றி வரும்.

சீமையகத்தி இலையைப் பற்றிக் கேட்பீர்கள். அதில் பூஞ்சையை எதிர்க்கும் பொருள்கள் இருப்பது உண்மையே. ஆனால் அரைத்த விழுதின் வீரியத்தை அளக்க முடியாது, தோல் எரிந்து போகலாம், உரசும் குழந்தையின் தோல் இன்னும் மென்மையானது. பூண்டைத் தேய்த்து வெந்துபோன தோலை நானே பார்த்திருக்கிறேன்.

படி 6: மாத்திரை வேண்டியிருந்தால்

உடலின் பல இடங்களில் பரவியிருந்தால் கிரீம் மட்டும் போதாது. ஃப்ளூகோனசோல் பாலில் கலக்கும், ஆனால் அந்த அளவு பச்சிளங்குழந்தைக்கு நேரடியாக மருந்தாகக் கொடுக்கும் அளவைவிடக் குறைவு. எனவே மருத்துவர்கள் தேவைப்படும்போது அதைத் தருகிறார்கள். டெர்பினாஃபைன், இட்ராகோனசோல், கிரிசியோஃபுல்வின், கீட்டோகோனசோல் மாத்திரைகளைப் பாலூட்டும் காலத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பழைய சீட்டைக் காட்டி இவற்றை வாங்காதீர்கள். குழந்தையின் வயது, எடை, குறைமாதமா, மஞ்சள் காமாலை இருந்ததா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் தோலில் வட்டம் தெரிந்தாலோ, வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தாலோ, உங்கள் மார்பகம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்க மார்புக்காம்பில் மட்டும் ஆறாத புண் இருந்தாலோ, நான்கு வாரம் பூசியும் குறையாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் இப்போதைய அளவையும் பார்த்துவிடுங்கள். அது கூடியிருந்தால் பூஞ்சை எளிதில் விடாது. போகும்போது இதுவரை பூசிய டியூப்களை, பிதுக்கி எறிய வைத்திருப்பவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "ஏதோ வெள்ளை களிம்பு" என்பதிலிருந்து எந்த மருத்துவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.