கடல்மட்ட உணரியின் அனலொக் சமிக்ஞையை டிஜிற்றலாக்கி வீட்டுக்கு அனுப்புவது எப்படி?

திருகோணமலை உட்துறைமுகத்தில் வற்றுப்பெருக்கின் ஏற்றத்தாழ்வு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பதிவுசெய்ய விரும்புபவர், சமிக்ஞை எண்ணாக மாறும் இடத்தில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். இறங்குதுறையிலிருந்து கரையிலுள்ள வீடுவரை நான் அமைத்த முறை இது. ஆர்டுயினோ ஊனோவில் நிரல் ஏற்ற உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், 5 மீற்றர் ஆழம்வரை 0.5 முதல் 4.5 வோல்ட் தரும் நீரழுத்த உணரியை, ஊனோ இயங்கும் அதே 5 வோல்ட்டில் இணையுங்கள். இவ்வகை உணரிகளின் வெளியீடு வழங்கலுக்கேற்ப மாறுவதால், வழங்கல் சற்றுத் தளம்பினாலும் அளவீடு பிசகாது. வோல்ட்டை எண்ணாக்கும் ஊனோவின் மாற்றி 10 பிட் உடையது; அதாவது 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட், அதாவது நீர்மட்டத்தில் சுமார் 6 மில்லிமீற்றர்.

அடுத்தது மாதிரி எடுத்தல். இங்கேதான் பொறுமை வேண்டும். வற்றுப்பெருக்கின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், பத்து வினாடிக்கு ஒரு மாதிரி தாராளம் என்றே தோன்றும். ஆனால் 9 வினாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் அலையை அப்படி எடுத்தால், கடலில் இல்லாத 90 வினாடி அலை ஒன்று பதிவில் தோன்றும். எண்ணாக மாறிய பின்னர் அதை உண்மையான அசைவிலிருந்து பிரிக்க வழியில்லை. சமிக்ஞையிலுள்ள மிகக்கூடிய மீடிறனின் இருமடங்குக்கு மேலான வீதத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே உள்ளது. எனவே வினாடிக்கு 10 மாதிரிகள் எடுத்து, நிமிடத்துக்கு ஒரு சராசரி காணுங்கள். மின்கம்பியின் 50 ஹேட்ஸ் இரைச்சலோ இந்த வீதத்தில் அசையாத பிழையாக உறைந்துவிடும் என்பதால், உள்ளீட்டுக்கு முன்னர் 10 கிலோஓம் தடையியும் 10 மைக்ரோபரட் கொள்ளளவியும் கட்டாயம் வேண்டும். அவை 1.6 ஹேட்ஸுக்கு மேற்பட்டவற்றைப் படிப்படியாகத் தணித்து, அந்த இரைச்சலை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காக்கும்.

அனுப்புவதற்கு வைஃபையைவிட, தரவை நெடுந்தூரம் கொண்டுசெல்லும் ஆர்.எஸ்-485 முறைக் கம்பியையே பரிந்துரைக்கிறேன். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் பல நூறு மீற்றர் தூரத்தை அது எளிதாகக் கடக்கும். இரு முனைகளிலும் 120 ஓம் தடையி இடுங்கள். எண்ணைச் சாதாரண எழுத்துவரியாக, சரிபார்ப்புக் கூட்டலுடன் (வழியில் பிழை நேர்ந்ததா என்று காட்டும் எண்) அனுப்பினால் பழுது தேடுவது இலகு.

பின்சேர்க்கை: சராசரி மறைப் பெறுமானமாக வருவதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தனர். ஊனோவின் நிரலில் முழுவெண்களுக்கான இன்ட் வகை 32,767 வரையே கொள்ளும். 600 மாதிரிகளின் கூட்டுத்தொகையோ ஆறு லட்சத்தைத் தாண்டலாம். கூட்டுத்தொகையை லோங் வகையாக அறிவியுங்கள்.