ஆத்தங்கரைல ஆர்வி போடறவங்க பண்ற தப்புகள்: ராத்திரி ரெண்டு மணிக்கு ஹிச்சு மாட்டாதீங்க

போன மாசம் டெக்ஸாஸ் ஹில் கன்ட்ரில ஒரு ஆர்வி பார்க்ல (ஆர்வின்னா சக்கரம் வெச்ச வீடு, டிரக்ல ஹிச்சுங்கற கொக்கில மாட்டி இழுக்கற டிரெய்லரும் அதுல சேரும்) எங்களுக்குப் பக்கத்து சைட்டுல மூணு தமிழ்க் குடும்பம் வந்து எறங்குச்சு, வாடகை டிரெய்லர் ரெண்டு, பிக்கப் ரெண்டு, புள்ளைங்க ஆறேழு. அரை மணி நேரத்துல ஸ்லைடு (பக்கவாட்டுல நீளற அறை) வெளிய வந்துருச்சு, ஆனிங் (வெயில் மறைக்கற துணிக் கூரை) விரிஞ்சுருச்சு, தரைல பச்சைப் பாய், மேல சீரியல் லைட்டு, சீவர் ஹோஸ் (கழிவுத்தண்ணிக் குழாய்) மாட்டியாச்சு. பிக்கப்பக் கழட்டி மூக்கு ஆத்தப் பாக்கற மாதிரி நிறுத்திட்டு சேர் போட்டு உக்காந்துட்டாங்க. நான் காபி டம்ளரோட போயி, "தம்பி, ராத்திரி தண்ணி ஏறுச்சுன்னா எந்தப் பக்கமா கெளம்புவீங்க?"ன்னு கேட்டேன். "ஃபோர்காஸ்ட்ல இங்க மழையே இல்லண்ணா"ன்னு சிரிச்சான் அந்தப் பையன்.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் கேட்டப்ப நான் சொன்ன பதிலும் அதேதான், சிரிப்பு உட்பட. அதான் இதை எழுதறேன்.

டயர்ல காத்து பாக்கல, கருப்புத் தண்ணி (கக்கூஸ் கழிவு) டேங்க் வால்வை மூடல, ஆண்டெனாவ எறக்காம கெளம்பிட்டேன், இதெல்லாம் இங்க இல்ல. அதுக்கு யூட்யூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு, அந்தத் தப்புல காசு போகும், ஆளு போகாது.

"இங்கதான் மழை இல்லையே"

நம்மாளுங்க இதுல ஏமாறதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு எனக்குத் தோணும். நான் திருச்சிப் பக்கம், காவிரி பாத்து வளந்தவன். எங்களுக்கு வெள்ளம்னா சொல்லிட்டு வர்ற விருந்தாளி. ஜூன் 12 மேட்டூர் தொறந்தா தண்ணி கல்லணைக்கு வந்து சேர மூணு நாள் ஆகும், உபரி தொறந்து விட்டாலும் கரையோரம் இருக்கறவங்க மேட்டுக்குப் போங்கன்னு ஆட்டோல மைக் கட்டிக் கத்துவாங்க, நாமளும் கொள்ளிடம் பாலத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டு வீட்டுக்குப் போயி சாப்பிடுவோம். ஹில் கன்ட்ரி ஆறுங்க அந்த ஜாதியே இல்ல, இதுங்க குற்றாலம் ஜாதி. கீழ வெயில் அடிக்கும், மேல மலைல எங்கயோ கொட்டும், அருவி நிறம் மாறி சருகு வந்து விழறதுக்குள்ள ஓடணும்.

இங்க சுண்ணாம்புப் பாறைக்கு மேல மண்ணு சும்மா பேருக்குத்தான் இருக்கு. மெக்ஸிகோ வளைகுடால இருந்து வர்ற ஈரக்காத்து பால்கோன்ஸ்ங்கற மேட்டுச் சரிவுல ஏறுறப்ப மழையா கொட்டும், கொட்டின தண்ணிய உறிஞ்ச மண்ணு கெடையாது, அப்படியே ஓடைல உருண்டு ஆத்துக்கு வந்துரும். ஃபிளாஷ் ஃபிளட் ஆலி, அதாவது திடீர் வெள்ளச் சந்துன்னு இந்தப் பக்கத்துக்குப் பட்டப்பேரே உண்டு. 2025 ஜூலை 4 விடியக்காலைல குவாடலூப் ஆறு ஹன்ட் பக்கத்துல 45 நிமிஷத்துல 26 அடி ஏறுச்சு, இருபத்தாறு அடின்னா ரெண்டு மாடி வீட்டு மொட்டமாடி. லாங் வீக்கெண்டு, கெர்வில் இங்ரம் பக்கம் ஆத்தோரம் ஆர்விங்க வரிசையா நின்னுச்சு, ஆளோட அடிச்சுட்டுப் போச்சு. அந்த வெள்ளத்துல மாநிலம் பூரா 130 பேருக்கு மேல செத்தாங்க, இந்த ஊருங்க இருக்கற கெர் கவுன்ட்டில (நம்மூரு மாவட்டம் மாதிரி) மட்டும் நூத்துக்கு மேல. 2018 அக்டோபர்லயும் ஜங்ஷன் ஊருல ஆத்தோர ஆர்வி பார்க் ஒண்ணு இப்படியேதான் போச்சு, நாலு பேரு.

அதனால நான் இப்ப பாக்கறது என் தலைக்கு மேல இருக்கற மேகத்த இல்ல, ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கற ஊரோட மழைய. யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வுத் துறை) ஆத்துல அங்கங்க கேஜ்னு அளவுகோல் வெச்சிருக்கான், நம்ம பார்க்குக்கு மேல்பக்கம் இருக்கற கேஜ் எதுன்னு கண்டுபிடிச்சு, இத்தனை அடி தாண்டினா எனக்கு மெசேஜ் அனுப்புன்னு பதிஞ்சு வெச்சா அவனே அனுப்புவான். காசு கெடையாது, ரெண்டு நிமிஷ வேலை. எறங்கின ஒடனே சீரியல் லைட்டு மாட்றதுக்கு முன்னாடி இதப் பண்ணுங்க.

டிரெய்லரைக் காப்பாத்தப் போறது

இதுதான். இத நெனச்சா எனக்கு இன்னும் கடுப்பாகும், அடுத்தவன் மேல இல்ல, என் மேலயே.

மெமோரியல் டே லாங் வீக்கெண்டு, ஆத்து பேரும் பார்க் பேரும் வேணாம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், வீட்டம்மா எழுப்பி "என்னமோ லாரி ஓடற சத்தம் கேக்குது"ன்னா. வெளிய வந்து டார்ச் அடிச்சா, சாயங்காலம் நாங்க சேர் போட்டு உக்காந்திருந்த எடத்துல தண்ணி. சேரைக் காணோம். அந்த நிமிஷம் நான் என்ன பண்ணிருக்கணும்னா, ரெண்டு புள்ளைங்களையும் தூக்கி டிரக்ல போட்டு மேட்டுக்குப் போயிருக்கணும், மூணு நிமிஷ வேலை. நான் என்ன பண்ணேன்னா, 27,000 டாலர் டிரெய்லர், லோன் இன்னும் பாதி பாக்கின்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்.

ஸ்லைடு உள்ள இழுக்கணும், அதுக்குள்ள நடுவுல கெடக்கற பாய் தலகாணி எடுக்கணும். ஆனிங் ஈரத்துல சுருட்ட மாட்டேங்குது. கரண்ட் கழட்டணும், சீவர் ஹோஸ் கழட்டணும் (அதக் கழட்டாமயே விட்டுருக்கலாம், ஆனா அந்த நேரத்துல புத்தி அப்படித்தான் போகும், நாத்தமடிக்கற ஹோஸ நான் மடிச்சு வெச்சேன் தெரியுமா). டிரெய்லருக்கு முட்டுக் குடுத்திருக்கற நாலு ஜாக்க ஏத்தணும். அப்புறம் மழைல இருட்டுல டிரக்க ரிவர்ஸ் எடுத்து ஹிச்சு பந்த டிரெய்லர் மூக்குல இருக்கற கப்ளருக்கு நேரா கீழ கொண்டு வரணும், அவ டார்ச்சக் கைல வெச்சுட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு கத்தறா, எனக்குக் கேக்கல, மூணு தடவ தப்பிச்சு நாலாவது தடவ உக்காந்துச்சு. சங்கிலி, ஸ்வே பார் (டிரெய்லர் ஆடாம பிடிக்கற கம்பி), லைட்டு பிளக். சக்கரத்துக்கு அண்டக் குடுத்திருந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் கட்டையக் கழட்டிக் கீழ வெச்சுட்டு நிமிந்தேன், திரும்பக் குனிஞ்சா கட்டை அங்க இல்ல, மெதுவா மெதந்து பக்கத்து சைட்டுப் பக்கம் போயிட்டிருக்கு. என் முட்டிக்குக் கீழ தண்ணி இருக்குன்னே அப்பதான் ஒறைச்சுது. மொத்தம் 38 நிமிஷம். போன்ல, வெளிய போன எனக்கு வீட்டம்மா முதல்ல எடுத்த கால் டைமும், கேட்டுல வந்து நின்னப்புறம் 911க்குப் போட்ட கால் டைமும் பாத்து அப்புறமா கணக்குப் போட்டது.

கேட்டுக்கு முன்னாடி ஒரு பள்ளம், லோ வாட்டர் கிராசிங், தண்ணி ஏறுனா முழுகிப் போற ரோடு. ரெண்டேகாலுக்கு வெறும் டிரக்ல கெளம்பினவங்க எல்லாம் சக்கரம் நனையாத குறையா தாண்டிப் போயிட்டாங்க. நான் போறப்ப அங்க அளவுக்கம்பமே பாதி முழுகிருச்சு. நின்னுட்டேன். பின்னாடி ஏழு வண்டி. ஒத்த வழிப் பாதை, 26 அடி டிரெய்லரோட இருட்டுல ரிவர்ஸ் எடுக்க எனக்குத் தெரியல, கோணலா நின்னதுல கப்ளர் இறுகிப் போயி கழட்டவும் முடியல. எனக்குப் பின்னாடி இருந்த ஒருத்தனாலயும் முன்னாடியும் வர முடியல, மேட்டுப் பக்கமா திரும்பவும் முடியல. பாட்டில் கழுத்துல கார்க்கு மாதிரி நான்.

கடைசில எல்லாரும் வண்டிய விட்டுட்டு முள்ளுக்கம்பி வேலிய வெட்டி மலைச்சரிவுல ஏறினோம். வாக்கர் வெச்சுட்டு நடக்கற ஒரு பாட்டிய ரெண்டு பேரு நாற்காலி மாதிரி கை கோத்துத் தூக்கிட்டு அந்த வேலிக்குள்ள நொழைஞ்சாங்க, பாட்டி கால்ல கம்பி கிழிச்சு ரத்தம். எல்லாரும் பொழச்சோம். ஆனா அந்தப் பாட்டி அந்த மழைல அப்படிப் போனதுக்குக் காரணம் ஆறு இல்லங்க, நான். டிரெய்லருக்கு காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருந்துச்சு, வெள்ளம் அதுல சேரும், ஆறு வாரத்துல செக்கு வந்துருச்சு. எந்தப் பொருளுக்காக 38 நிமிஷம் செலவு பண்ணேனோ அதுக்கு ஏற்கனவே மாசா மாசம் காசு கட்டிட்டுத்தான் இருந்தேன்! (அடுத்தவங்க நஷ்டத்துக்கு மட்டும் குடுக்கற லயபிலிட்டி மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு வெள்ளத்துக்குப் பைசா வராது, இன்னிக்கே பாலிசிய எடுத்துப் பாருங்க.)

டிரெய்லரைக் காப்பாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. அதுக்கு நேரம் வேற. வானிலை ஆபீஸ்ல வெள்ளத்துக்கு வாட்ச்னு ஒண்ணு சொல்லுவாங்க, வார்னிங்னு ஒண்ணு. வாட்ச்னா வரலாம், வார்னிங்னா வந்துருச்சு, இல்லன்னா வரப்போவுது. வாட்ச் வந்தா வெளிச்சத்துலயே டிரெய்லர மாட்டி மேட்டுல இருக்கற சைட்டுக்கு மாத்திக் கேளுங்க, குடுக்கலன்னா கெளம்பிருங்க, கட்டின காசு போகட்டும். வார்னிங் வந்துட்டா டிரெய்லர்னு ஒண்ணு உங்களுக்கு இல்லவே இல்ல, ஆளுங்களும் டிரக் சாவியும் மட்டும்தான். 2025லயும் வாட்ச் ஜூலை 3 மத்தியானமே வந்துருச்சு. கெர் கவுன்ட்டிக்கு வார்னிங் வந்தது ராத்திரி 1:14க்கு. அந்த மத்தியானத்துக்கும் அந்த ராத்திரிக்கும் நடுவுலதான் டிரெய்லரக் காப்பாத்தற நேரம் இருந்துச்சு, 1:14க்கு அப்புறம் இருந்தது ஆளுங்கள மேட்டுக்கு ஏத்தற நேரம் மட்டும்தான். அங்க உசுர விட்டவங்களக் கொறை சொல்ல நான் யாரு, வாட்ச்னு வந்தா முக்காவாசி நேரம் ஒண்ணும் நடக்காது, அப்படித்தான் எல்லாருக்கும் பழகிப் போச்சு.

இப்ப நான் ஆத்தோரம் போட்டா டிரக் மூக்கு எப்பவும் வெளிய போற பக்கம், முன்னாடி ஒண்ணும் நிக்காது. சாவி கதவுக்குப் பக்கத்து ஆணில. ஷூ படுக்கைக்குக் கீழ. எறங்கின சாயங்காலம் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு நடந்தே போற வழிய ஒரு தடவ நடப்போம், பள்ளத்தத் தாண்டாம போற வழி. புள்ளைங்க இப்ப சலிச்சுக்குதுங்க, சலிச்சுக்கட்டும்.

உள்ளயே இருந்து சமாளிச்சுக்கலாம்னு நெனைக்கறது

"அவ்ளோ கனமான வண்டிண்ணா, அது எங்க போகும்"ன்னு கேப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 26 அடி நீளம், 8 அடி அகலம், 208 சதுர அடி. ஒரு கன அடி தண்ணி 62.4 பவுண்டு. அப்ப டிரெய்லர் அடித்தகட்டுக்கு மேல ஒவ்வொரு இன்ச் தண்ணிக்கும் 1,080 பவுண்டு மேல தூக்கும். சாமானோட 6,500 பவுண்டு டிரெய்லர்னா ஆறு இன்ச்ல மெதக்க ஆரம்பிச்சுரும். அடித்தகடு தரைல இருந்து ரெண்டடி ஒசரம்னு வெச்சா, தண்ணி இடுப்பளவு வர்றதுக்கு முன்னாடியே வண்டி படகு. ஓட்ட வழியா உள்ள தண்ணி பூந்து கொஞ்சம் அமுங்கும்தான், ஆனா ஆறு ஏர்ற வேகத்துக்கு அது ஈடு குடுக்காது. ஸ்டீரிங் இல்லாத படகு, நேரா மரத்துக்கோ பாலத்துக்கோ போயி மோதும், சுவரு என்ன சுவரு, சட்டம் மேல ஒட்டின ஃபைபர் தகடு.

இன்னொண்ணு, ஆர்வி கதவு வெளிப்பக்கம் தொறக்கறது. வெளிய தண்ணி நின்னா அழுத்தம் தொறக்க விடாது. செவப்புப் பிடி போட்ட எமர்ஜென்சி ஜன்னல் ஒண்ணு இருக்கும், வாங்கின நாள்ல இருந்து அதத் தொறந்தே பாக்காதவங்கதான் அதிகம். எங்களோடது ரப்பர் ஒட்டிப் போயிருந்துச்சு.

போனை நம்பறது

பள்ளத்தாக்குல சிக்னல் இருக்காது, இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி சைலண்ட்ல இருக்கும். 2010ல ஆர்கன்சாஸ் ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்டுல இதே மாதிரி விடியக்காலைல லிட்டில் மிஸ்ஸூரி ஆறு ஏறி 20 பேர் போனாங்க, அந்தப் பள்ளத்தாக்குக்குள்ள எச்சரிக்கை சரியா போயே சேரல. பேட்டரில ஓடற வெதர் ரேடியோ (வானிலை எச்சரிக்கை சொல்ற ரேடியோ) முப்பது நாப்பது டாலருக்குக் கெடைக்கும், 162.400ல இருந்து 162.550 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏழு சேனல். வாங்கினா மட்டும் போதாது, எந்தக் கவுன்ட்டி எச்சரிக்கைக்கு அது கத்தணும்னு சொல்ற கோட ஊருக்கு ஊரு மாத்தணும். வீட்டுக் கவுன்ட்டி கோட வெச்சுக்கிட்டு முந்நூறு மைல் தள்ளிப் படுத்துத் தூங்கறவங்கள நான் பாத்திருக்கேன். அப்புறம் அது எங்க பிடிக்குதுன்னு பாத்து ஜன்னலோரம் வைங்க, டிராயருக்குள்ள இல்ல.

தண்ணி போற ரோட்டத் தாண்டறது

ஆறு இன்ச் ஆள சாய்க்கும், ஒரு அடி சின்னக் கார இழுக்கும், ரெண்டு அடி பிக்கப்பயே இழுக்கும். அடில ரோடு இருக்கான்னே தெரியாது. தாண்டாதீங்க.

கரண்ட் பெட்டி

தண்ணில நின்னுட்டு பிளக்கைத் தொடாதீங்க. விட்டுட்டு ஓடுங்க.

நாய்

கைல தூக்கற நாய்னா தூக்குங்க. ஓடிப்போச்சுன்னா தேடாதீங்க. எங்க வீட்லயும் நாய் இருக்கு, தெரிஞ்சுதான் சொல்றேன்.

காலைல திரும்பிப் போறது

தண்ணி எறங்கின மாதிரி இருக்கும், சாமான் எடுக்கலாம்னு கை பரபரக்கும். மேல்பக்கம் இன்னொரு மழை பேஞ்சா ரெண்டாவது அலை வரும். ல்லானோ ஆத்துல 2018 அக்டோபர் 8ல ஜங்ஷன் வெள்ளம், அக்டோபர் 16ல திரும்ப வந்து கிங்ஸ்லாண்டுல ரோட்டுப் பாலத்தையே உடைச்சுட்டுப் போச்சு. கேஜ் எறங்குமுகமா இருக்கான்னு பாருங்க, பார்க்காரங்களோ ஷெரிஃப் ஆளுங்களோ வான்னு சொல்ற வரைக்கும் போகாதீங்க.

எங்களுக்கு மூணாவது நாள் விட்டாங்க. டிரக் கேட்டுக்குப் பக்கத்துல வேலில சாஞ்சு கெடந்துச்சு, டிரெய்லர் கப்ளரோட பிச்சுக்கிட்டு கால் மைல் கீழ ரெண்டு பீக்கன் மரத்துக்கு நடுவுல. ஒரு பக்க சுவரே இல்ல, ஃபிரிட்ஜுக்குள்ள பாதி வரைக்கும் வண்டல், அதுல இட்லி மாவு டப்பா மூடி கூடக் கழண்டுக்காம நட்டுக்கிட்டு நிக்குது. பக்கவாட்டு சாமான் அறைய இன்சூரன்ஸ் ஆளு தொறந்து போட்டோ எடுத்தாரு. நான் மடிச்சு வெச்ச சீவர் ஹோஸ் மடிப்பு கலையாம இருந்துச்சு.