வேண்டுமென்றே குழப்பி எழுதிய பழைய சி நிரலைப் பிரிப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) பசுந்தேயிலை எடைக் கணக்குப் போட ஒரு பழைய சி நிரல் ஓடுகிறது. வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்றே எழுதியவர் அதைச் சிக்கலாக்கி வைத்திருந்தார். போன மழையில் உட்கார்ந்து பிரித்தேன். சி நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் (தொகுக்கும்) ஜிசிசி என்ற மென்பொருள் உங்கள் கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு மாதப் பதிவைக் கொடுத்து, பழைய நிரல் தரும் விடையைக் கோப்பில் சேமியுங்கள். இனி எதை மாற்றினாலும் இதே விடை வர வேண்டும்.

படி 2: மேக்ஃபைலைத் (தொகுக்கும் கட்டளைகள் உள்ள கோப்பை) திறந்து, சி மொழியின் எந்தத் தரத்தில் (சி99 போன்ற பதிப்பில்) தொகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை, இரண்டு நாள் போயிற்று. சும்மா ஜிசிசி என்று தொகுத்தேன், எல்லார் கணக்கிலும் மூட்டைக்கு 2 கிலோ குறைந்தது. காரணம் ஒரு குறிப்பு வரி, அதாவது படிப்பவருக்காக // போட்டு எழுதும், ஓடாத வரி. அதன் கடைசியில் ??/ என்று மூன்று குறிகள். இதற்கு டிரைகிராஃப் என்று பெயர். சி99 தரத்தில் அந்த மூன்றும் சேர்ந்து ஒரு \ ஆகிவிடும். வரிக் கடைசியில் \ வந்தால் அடுத்த வரியும் குறிப்போடு ஒட்டிக்கொள்ளும். 2 கிலோ கழிக்கும் வரி அங்கேதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஓடாது. தரத்தைச் சொல்லாவிட்டால் ஜிசிசி டிரைகிராஃபை விட்டுவிடும், அந்த வரி உயிர் பெற்றுவிடும். -டபிள்யூஆல் (-Wall) கொடுத்துத் தொகுத்தால் எச்சரிக்கை வரும். அதைக் கட்டாயம் படியுங்கள்.

படி 3: ஒரு பிரதியில் #இன்க்ளூட் வரிகளை (வேறு கோப்புகளை உள்ளே இழுக்கும் வரிகளை) நீக்கிவிட்டு, ஜிசிசியை அதே தரத்தோடு -ஈ, -பி (-E, -P, இரண்டும் பெரிய எழுத்து) சேர்த்து ஓட்டுங்கள். மேக்ரோக்கள் (நிரலில் வைத்த சுருக்கப் பெயர்கள்) விரிந்துவிடும். #இன்க்ளூட் இருந்தால் நூற்றுக்கணக்கான வரிகள் முன்னால் வந்து கொட்டும். விரிந்த பிறகு, நீக்கிய வரிகளை மறுபடி மேலே சேர்த்துவிடுங்கள்.

படி 4: கிளாங்-ஃபார்மேட் என்ற கருவியால் வரிகளை ஒழுங்காக்குங்கள். இணையத்தில் ஒட்டி அழகாக்கும் தளங்கள் வேண்டாம். அது ஊரார் கணக்கு.

படி 5: மாறிகளுக்கு நல்ல பெயர் வையுங்கள், ஒரு தடவைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் படி 1-இன் விடையோடு ஒப்பிடுங்கள். வழியில் 5[அ] மாதிரி ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள், அது அ[5]தான், அதாவது அ என்ற வரிசையில் 5 என்ற எண்ணுள்ள இடம். சி மொழியில் இரண்டுமே *(அ+5).

இந்த வித்தைகளுக்கென்றே 1984 முதல் பன்னாட்டுப் போட்டி நடக்கிறது. லாண்டன் கர்ட் நோலும் லாரி பாசலும் தொடங்கியது. அதில் வென்ற நிரல்களை ஆசையாகப் படிப்பேன். ஆனால் இலை பறித்தவரின் கூலிக் கணக்கில் இதைச் செய்யக் கூடாது.

பிற்சேர்க்கை: ஜிசிசி 15-இல் பிழை வருகிறது என்று குன்னூர் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பதிப்பு தானாகவே சி23 வழிக்குப் போகும். பழைய பாணியில் வெறும் () போட்டு அறிவித்த சார்புக்கு உள்ளீடே இல்லை என்று அது எடுத்துக்கொள்ளும், மதிப்பு கொடுத்து அழைத்தால் பிழை தரும். மேக்ஃபைலில் இருந்த தரத்தையே கொடுத்ததும் அவருக்குச் சரியாகிவிட்டது.