வாடகைக்கு விட வீடு வாங்குமுன்: சட்டத்தரணியிடம் ஒப்படைக்க வேண்டியவை

இலங்கையின் கிழக்கே, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தை அண்டியோ, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை அண்டியோ வாடகைக்கு விடும் நோக்கத்துடன் வீடு வாங்குவோர், முற்பணம் கொடுக்குமுன்பே தமக்கெனத் தனியாக ஒரு சட்டத்தரணியை அமர்த்திக்கொள்ள வேண்டும். உறுதியை, அதாவது காணி உரிமைப் பத்திரத்தை, எழுதி அத்தாட்சிப்படுத்த விற்பவர் அழைத்துவரும் நொத்தாரிசே இரு தரப்புக்கும் போதும் என்பார்கள். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். உறுதி எழுதுவது ஒரு வேலை. உரித்தை உங்களுக்காகத் துருவிப் பார்ப்பது வேறொரு வேலை.

முதலில் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதுவதே வழமை என்பதால், நன்கொடை உறுதியில் பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கியிருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கல்லடியில் என் சின்னம்மா வாங்கவிருந்த வீட்டின் உறுதியை மேசையில் விரித்து வாசித்தபோது, நான்கு எல்லைகளும் பேர்ச் அளவும் சரியாகவே இருந்தன. ஆனால் காணியை விவரிக்கும் அட்டவணைக்கு மேலே, இரண்டே வரியில், வீட்டை நன்கொடையாகக் கொடுத்த தாயாரின் சீவிய உரித்து எழுதப்பட்டிருந்தது. அந்த அம்மா அதே வீட்டின் பின்னறையில்தான் இருந்தார். அவரும் சேர்ந்து ஒப்பமிடாமல் உறுதி முடித்திருந்தால், அவர் உயிரோடிருக்கும்வரை வாடகைப் பணம் அவருக்கே உரியதாகியிருக்கும்.

வீடு பலருக்குப் பிரிக்கப்படாத பங்காக இருப்பின், முழு வீடும் உங்களுக்குக் கிடைக்கப் பங்காளிகள் அனைவரும் ஒப்பமிட வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து அற்றோர்ணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) மூலம் விற்றால், அவர் உயிருடன் இருக்கிறாரா, தத்துவம் பதியப்பட்டதா, இரத்தாகவில்லையா என்று கேளுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய பெர்மிட் காணியை, உரிய எழுத்துமூல அனுமதியின்றி வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினால் உரித்துக் கைமாறாது. கடலோர வீடாயின், கரையோர வலயத்தின் 300 மீற்றர் எல்லைக்குள் கட்டிய கட்டடத்துக்கு அனுமதி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, உறுதியில் நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிட வேண்டும். முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும் ஆகும். ஒப்பமிட்டதும் தாமதமின்றிப் பதிவு செய்விக்க வேண்டும். ஏனெனில் அதே வீட்டைப் பின்னர் விலைக்கு வாங்கிய இன்னொருவர் உங்களை முந்திப் பதிந்துவிட்டால், உங்கள் உறுதி தோற்றுப்போகக் கூடும்.

வாடகைக்கு விடுவதே நோக்கமாகையால், இப்போது வீட்டில் குடியிருப்பவர் யார், எந்த உடன்படிக்கையின் பேரில் இருக்கிறார் என்பதைச் சட்டத்தரணி எழுத்தில் பெற வேண்டும். முறையான குத்தகை, வீடு விற்கப்பட்டாலும் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும். நீங்கள் புதிதாக விடும்போதும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுத வேண்டும் என்று அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கடையில் வாங்கிய அச்சுப் படிவத்தில் முத்திரை ஒட்டி ஒப்பமிடுவோர் பலர் இதை அறியாதிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. குத்தகைக்கு விட்ட கட்டடத்தின் உடைமையை மீளப் பெற, 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான நடைமுறையொன்றைத் தந்துள்ளது. அதன் பயன் உங்களுக்குக் கிடைக்கும் விதத்தில் தவணை, வைப்புப் பணம், மின்சார நீர்க் கட்டணப் பொறுப்பு ஆகியவற்றைச் சட்டத்தரணியைக் கொண்டே எழுதுவியுங்கள்.